சார் ஊட்டிக்குப் போயிருக்காவ!

அரசாங்க ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கென்று தனியாக ஒரு பாஷை உண்டு. சி.எல்., எம்.எல்., டி.ஏ., எஸ்.ஆர். என்று எல்லாமே இரண்டெழுத்து. அதில் எனக்கு மறக்கவே முடியாத இரண்டெழுத்து ஒன்று இருக்கிறது. ஓ.டி.!

பிரைவேட் கம்பெனியில் ஓ.டி. என்றால் ஓவர் டைம். கூடுதல் வேலை, கூடுதல் காசு. எங்களிடம் ஓ.டி. என்றால் 'அதர் டியூட்டி'. வேறு வேலை, அதே காசு. சில மாசம் அந்த அதே காசும் வராது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

சுத்தத் தமிழில் இதற்கு 'மாற்றுப்பணி' என்று பெயர். ஆள் இந்த ஆபீஸ். நாற்காலி இந்த ஆபீஸ். சம்பளம் இந்த ஆபீஸ். வேலை மட்டும் வேறு துறையில், வேறு ஊரில், முன்பின் தெரியாத நாலு பேரோடு.

சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். நம் தேசத்தின் பெரிய காரியங்கள் பலவும் ஓ.டி.யில்தான் நடக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனவர்கள் சுமார் 27 லட்சம் பேர். அத்தனை பேரையும் அதற்கென்று வேலைக்கா எடுத்தார்கள்? பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்தியார்கள், டீச்சர்கள். கொஞ்ச நாளைக்கு இரவல் வாங்கப்பட்டவர்கள். தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 28ஏ பிரிவின்படி, தேர்தல் வேலைக்குப் போகிற அலுவலர் அந்த நாட்களில் தேர்தல் கமிஷனின் ஆள். நேற்றுவரை பத்தாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தவர், இன்று வாக்குச்சாவடித் தலைவர். அவர் மனைவிக்கே அன்று அவரைப் பார்த்தால் கொஞ்சம் பயம் வரும்.

நானும் பலமுறை ஓ.டி. போயிருக்கிறேன். ஆனால், 2015 டிசம்பரில் போனதுதான் எனக்குப் பாடம் எடுத்தது.

* * *

அப்போது நான் தெற்குச் சீமையில் ஒரு மாவட்ட ஆபீஸில் உதவியாளர். பென்ஷன் சீட். எங்கள் துறையில் ரிடையர் ஆகிறவர்கள், பணியிலிருக்கும்போதே காலமானவர்கள், இவர்களுக்கெல்லாம் பென்ஷன் கருத்துரு தயார் செய்து சென்னை மாநிலக் கணக்காயர் ஆபீஸுக்கு அனுப்புவது என் வேலை. பரபரப்பு இல்லாத சீட். யாரும் அதற்காகச் சண்டை போடமாட்டார்கள்.

சென்னை வெள்ளம் ஞாபகம் இருக்கிறதா? டிசம்பர் 1-ம் தேதி ஆரம்பித்த மழையில், ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரும் சேர்ந்து, அடையாற்றுக் கரையில் இருந்தவர்கள் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். தண்ணீர் வடிந்தபின் நிவாரணம் அறிவித்தார்கள். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த குடும்பத்துக்கு 5,000 ரூபாய், குடிசை இழந்தவர்களுக்கு 10,000. கூடவே 10 கிலோ அரிசி, வேட்டி, சேலை. பணம் நேராக பேங்க் கணக்குக்கு. அப்படியென்றால் வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும், விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சென்னை ஆட்கள் போதவில்லை. வெளிமாவட்டங்களிலிருந்து ஆள் கேட்டார்கள்.

எங்கள் ஆபீஸில் தமிழில் டைப் அடிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவருக்கு சுகர். ஒருவருக்கு ரிடையராக ஐந்து மாசம். மூன்றாமவன் நான்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஆர்டர் வந்தது. 'இன்று பிற்பகலே பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்' என்று. சூப்பிரண்டு தோளில் கை போட்டார்.

"வேய், பத்தே நாளு. போயிட்டு வந்துருவீரு. மெட்ராஸையும் பாத்தாப்ல இருக்கும்."

பீரோவைப் பூட்டினேன். சாவியை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். சாவியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேனா என்பது சந்தேகம்தான். இரண்டு வருஷம் முன்னால் லீவில் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போய், ஒரு ஃபைல் காணாமல்போய், 17(அ) மெமோ வாங்கியவன் நான். சூடு கண்ட பூனை.

பொறுப்பை எழுதி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று விதியெல்லாம் இருக்கிறது, சார். ஆனால் 'உடனடியாக' என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு ஒரு காகிதம் வந்தால், விதி முதல் பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விடும்.

* * *

ஜாஃபர்கான்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகள். உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். சுவரில் தண்ணீர் நின்ற உயரம் வரைக்கும் பழுப்பாக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே சேற்று வாசனை. மேலே அ, ஆ, இ, ஈ.

எங்கள் மேஜையில் ஐந்து பேர். சேலம் பக்கத்து வி.ஏ.ஓ. ஒருவர். கார்ப்பரேஷன் வரி வசூலிப்பவர் ஒருவர். அந்த ஏரியா ரேஷன் கடை விற்பனையாளர். ஈ.பி. மீட்டர் கணக்கெடுப்பவர். அப்புறம் நான். யாருக்கும் யார் பெயரும் மனசில் நிற்கவில்லை. 'ஈ.பி., அந்த ஸ்கேலைக் குடுங்க', 'ரேஷன், டீ வந்துருச்சு' என்று துறைப் பெயரே சொந்தப் பெயராகிவிட்டது. என் பெயர் 'பென்ஷன்'. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயசு!

முதல் இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. படிவத்தில் யார் கையெழுத்து முதலில் என்று சண்டை. "நாங்க ரெவின்யூ" என்றார் வி.ஏ.ஓ. "ஏரியா எங்களுது" என்றார் கார்ப்பரேஷன். ரேஷன்காரர், "நான் கூட்டுறவு. எங்க ஆபீஸர் சொல்லாம எதுலயும் கையெழுத்து வைக்கமாட்டேன்" என்று பேனாவை மூடிவிட்டார்.

மூன்றாம் நாள் ஒரு துணை தாசில்தார் வந்தார். தூக்கமில்லாத கண், நாலு நாள் தாடி. எங்கள் சண்டையை ஒரு நிமிஷம் கேட்டார். பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து நடுவில் வைத்தார்.

"இந்த மேஜையில துறை கிடையாது. எல்லாரும் இந்த ஒரே நோட்டுலதான் எழுதணும். மேல எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். நோட்டின் முதல் பக்கத்தில் முதல் கையெழுத்தை அவரே போட்டார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து மேஜை ஓட ஆரம்பித்தது.

ஒரு கேஸ் சொல்கிறேன். ஒரு அம்மா வந்தார். வீட்டு வேலை செய்கிறவர். ரேஷன் கார்டில் பழைய தெரு விலாசம். வாடகை வீடு, ரசீது கிடையாது. சென்னையில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண் வேறு. படிவப்படி அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

ஈ.பி. தலையைத் தூக்கிப் பார்த்தார். "சார், இந்தம்மா பின்னாடி போர்ஷன். ரெண்டு மாசத்துக்கு ஒரு தபா மீட்டர் பாக்கப் போறேன்ல... அப்ப நாயைப் புடிச்சுக்கிறதே இவங்கதான்."

"எந்த வீடு? பழைய நம்பர் பதினாறா?" என்றார் கார்ப்பரேஷன். "அது இப்ப நாப்பத்தொண்ணு. பின்னாடி ரெண்டு போர்ஷன். வரி ரசீதுல இருக்கு."

"கார்டு என் கடையிலதான் சார் இருக்கு. மாசாமாசம் அரிசி வாங்குறாங்க" என்றார் ரேஷன்.

வி.ஏ.ஓ. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். நான் பேங்க் கணக்கு எண்ணை இரண்டு தடவை சரிபார்த்து ஏற்றினேன். மொத்தம் அரை மணி நேரம்.

இதே விவரத்தை எங்கள் ஊர் ஆபீஸிலிருந்து நான் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் வரைவு எழுத வேண்டும். சூப்பிரண்டு அதில் ஒரு கமாவையாவது திருத்த வேண்டும். ஆபீஸர் கையெழுத்து. டெஸ்பாட்ச். தபால். அந்த ஆபீஸில் தபால் சீட்டு, ந.க. எண், அங்கே ஒரு உதவியாளர், அங்கே ஒரு சூப்பிரண்டு, அங்கேயும் ஒரு கமா. நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு. கடைசியில், 'பார்வையில் காணும் கடிதம் இவ்வலுவலகத்தில் பெறப்படவில்லை' என்று பதில் வரும். நாய் பிடித்த விஷயம் எந்தக் கடிதத்திலும் வராது.

நான் பூரித்துப்போனேன். பதினொரு வருஷ சர்வீஸில், காகிதம் நகர்த்துகிறவனாக இல்லாமல், மனுஷனுக்கு உதவுகிறவனாக என்னை உணர்ந்தது அங்கேதான். பத்து நாள் இருபதாகி, இருபது நாற்பதாயிற்று. கம்ப்யூட்டர் வேலை மிச்சம் இருக்கிறது என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். நானும் ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி மெரினா போனேன். அண்ணா சாலையில் தேனாம்பேட்டை தாண்டும்போது ஜன்னல் வழியே மாநிலக் கணக்காயர் ஆபீஸ் தெரிந்தது. 'அடடே, நம்ம ஃபைலெல்லாம் இங்கேதானே வருது!' என்று சந்தோஷமாகப் பார்த்தேன். சாவி என் பாக்கெட்டில்தான் இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

* * *

பிப்ரவரி நடுவில் ஊர் திரும்பினேன். ஆபீஸில் ஒரே வரவேற்பு. பேப்பர் போட்டோவில் ஏதோ ஒரு ஓரத்தில் என் முழங்கை தெரிந்ததாம். டீ, வடை, விசாரிப்பு. நான் வெள்ளக் கதை சொல்ல ஆரம்பித்தேன். பாதிக் கதையில், வாசலில் ஒரு அம்மா நிற்பதைப் பார்த்தேன். கையில் மஞ்சள் பை.

எங்கள் துறையில் இரவுக் காவலராக இருந்தவரின் மனைவி. முந்தின செப்டம்பரில் அவர் பணியிலிருக்கும்போதே மாரடைப்பில் காலமாகிவிட்டார். குடும்பப் பென்ஷன் கருத்துரு என் சீட்டில். வாரிசுச் சான்று, போட்டோ எல்லாம் நவம்பர் கடைசியிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். எஸ்.ஆரில் இரண்டு பதிவு சரிபார்த்து, கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டியது. நாலு நாள் வேலை.

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வந்துட்டியளா தம்பி? ஊட்டிக்குப் போயிருந்தியளாம்லா. அங்கன ரொம்பக் குளிராமே?"

எனக்குப் புரியவில்லை. "ஊட்டியா? யாரும்மா சொன்னா?"

"இங்கன உள்ள சார்மாருதான். நாலு தடவ வந்தேன். நாலு தடவயும், 'சீட்டுக்கார சார் ஊட்டில இருக்காவ, வந்தாத்தான் தெரியும்'னுட்டாவ. உத்தியோகம் பாக்குறவுகளுக்கு ஓய்வு வேணும்லா. ரெண்டு மாசம்னாலும் பரவால்ல, வந்துட்டியளே."

ஓ.டி.யில் இருக்கார். ஊட்டியில் இருக்கார்!

பக்கத்து சீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். ஆனால், என் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போய்ச் சாவியைத் தொட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

பீரோவைத் திறந்தேன். அவர் கொண்டுவந்த கவர் வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் மேலேயே, பீரோவின் டூப்ளிகேட் சாவியும் பத்திரமாக இருந்தது. பத்திரமாக, உள்ளே!

"ஊட்டி இல்லம்மா... மெட்ராஸ். வெள்ள நிவாரண வேலை" என்றேன்.

"அப்படியா? அங்கன உள்ளவுகளுக்குப் பணம் வந்துட்டாய்யா?"

"வந்துட்டும்மா. முக்கால்வாசிப் பேருக்கு வந்துட்டு."

"நல்லது" என்றார். கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். "எனக்கு வெள்ளம் வரலைல்லா."

குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

* * *

அன்று சாயங்காலம் பில் கிளார்க் கூப்பிட்டார். எனக்கு ஜனவரிச் சம்பளம் போடவில்லை.

"ஏன்?"

"நீர் ஜனவரில வேலை பாத்தீருன்னு அவங்க சர்டிபிகேட் அனுப்பலையே."

"பேப்பர்ல என் முழங்கை வந்திருக்குய்யா!"

"முழங்கைக்குப் பில் போட ஹெட் ஆஃப் அக்கவுன்ட் இல்ல" என்றார்.

சான்று கேட்டு சென்னைக்குப் போன் போட்டேன். பள்ளிக்கூடத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது, வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. எங்கள் மேஜையே இல்லை. துணை தாசில்தார் வேறு இடத்துக்கு மாறிவிட்டார். வேலை பார்த்த டீம் கலைந்தபின், அந்த டீமில் நான் இருந்தேன் என்று சொல்ல ஆபீஸ் இல்லை. வீட்டு வாடகைக்கு மச்சானிடம் கை நீட்டினேன். மூன்று வாரத்தில் சான்று வந்தது. அந்த மூன்று வாரமும் ஆபீஸே அதிரும்படி நான் கத்திய கத்து உங்களுக்குக் கேட்டிருக்கும்.

ஒரு மாசச் சம்பளத்துக்கு அந்தக் கத்து கத்தியவன் நான். ஐந்து மாசமாக ஒன்றும் வராத அந்த அம்மா, ஊட்டியில் குளிரா என்று விசாரித்தார்.

கருத்துருவை நாலே நாளில் அனுப்பினேன். சூப்பிரண்டிடம் நானே எடுத்துக்கொண்டு போய் நின்றேன். ஒரு கமாகூடத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார். ஜூனில் பென்ஷன் வந்தது, நிலுவையோடு. சுபம் என்று எழுதலாம்தான். ஆனால், அவர் பையன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். ஜனவரியில் வீட்டில் காசில்லை என்று ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டான். அட்டென்டன்ஸ் போதவில்லை, ஏப்ரல் பரீட்சைக்கு உட்கார விடவில்லை. நிலுவைப் பணம் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தது. அந்த வருஷத்தைக் கொடுக்கவில்லை.

சென்னையில் நான் யாருக்கெல்லாம் உதவினேன் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஊரில் யாரைக் காக்க வைத்தேன் என்று எழுத எந்த நோட்டும் இல்லை.

* * *

இதை வைத்து 'ஓ.டி. என்பதே தப்பு' என்று சொல்ல வரவில்லை, சார். அந்தப் பள்ளிக்கூட மேஜையை நான் மறக்கத் தயாரில்லை. நாலு துறை ஆள் ஒரு பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தால் ஆகிற காரியம், நாலு துறைக்கு நாற்பது கடிதம் போட்டாலும் ஆகாது. இன்னும் நிறைய அப்படி உட்கார வேண்டும். தகராறு போகிற இடத்தில் இல்லை. விட்டுவிட்டுப் போகிற இடத்தில்தான்.

எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் அண்டா இரவல் கேட்டு வருவார்கள். எங்கம்மா மறுக்கமாட்டாள். ஆனால், முதலில் அண்டாவில் இருக்கும் தண்ணீரை இரண்டு குடத்தில் ஊற்றி வைப்பாள். வீட்டில் தாகம் எடுக்குமில்லையா? அப்புறம் அண்டாவில் வெட்டியிருக்கும் பேரை வந்தவரிடம் காட்டுவாள். "என்னைக்குத் திரும்பும்?" என்று கேட்பாள். மூன்றே காரியம்.

அரசாங்கம் ஆளை இரவல் கொடுக்கும்போது இந்த மூன்றும் நடப்பதில்லை. அண்டாவைத் தண்ணீரோடு தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். 'பத்தே நாள்' என்கிறோம்; அதை யாரும் எழுதி வாங்குவதில்லை. பேர் வெட்டாததால், சம்பளத்துக்கு அண்டா யாருடையது என்று இரண்டு வீட்டாரும் விழிக்கிறார்கள்.

கனடாவில் 2016-ல் இதற்கு ஒரு புது வழியைச் சோதித்தார்கள். 'ஃப்ரீ ஏஜென்ட்' என்று பெயர். இயற்கைவளத் துறையில் ஆரம்பித்தார்கள். ஆள் அந்தத் துறையின் நிரந்தர ஊழியர். ஆனால், எந்தத் துறையில் எந்த வேலைக்குப் போவது என்று அவரே தேர்ந்தெடுக்கலாம். ஒன்று முடிந்தால் அடுத்தது. படித்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. வேலையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்காக மட்டும் இல்லை. அவர் போகும்போது, பின்னால் பூட்டிவிட்டுப் போக பீரோவே கிடையாது!

அதே 2016-ல், அதே கனடா அரசாங்கம் 'ஃபீனிக்ஸ்' என்று சம்பளம் போட ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடும் கொண்டுவந்தது. பல்லாயிரம் ஊழியர்களுக்குச் சம்பளம் குறைந்தும் கூடியும், சிலருக்கு வராமலும் போய், வருஷக்கணக்கில் தவித்தார்கள். ஆக, நம்ம பில் கிளார்க் மட்டும் தனியாள் இல்லை.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாற்காலியோடு பிறந்தவர்கள் நாம். ஓ.டி. ஆர்டரில் மூன்று வரி சேர்த்தால் போதும். இவர் சீட்டை இவர் திரும்பும்வரை யார் பார்ப்பார்? எந்தத் தேதிக்குள் திரும்புவார்? வேலை பார்த்ததாக யார் சான்று கொடுப்பார்? பெயரோடு, தேதியோடு. 'பிற்பகலே விடுவிக்கப்படுகிறார்' என்பதை 'மறுநாள் முற்பகல்' என்று மாற்றினால், அந்த ஒரு ராத்திரியில் ஒரு பட்டியல் எழுதிவிடலாம்.

யாரும் மாற்றுவதற்காக நான் காத்திருக்கவில்லை. 2016 மே மாசச் சட்டசபைத் தேர்தலுக்கு ஓ.டி. போனபோது, முந்தின சாயங்காலமே ஒரு வெள்ளைத்தாளில் ஃபைல் பட்டியல் எழுதினேன். எது அவசரம், அந்த ஃபைலில் யார் காத்திருக்கிறார்கள், அவர்கள் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று. பக்கத்து சீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிச் சாவியைக் கொடுத்தேன். "என்னவே, உயில் எழுதுறீரா?" என்றார். டூப்ளிகேட் சாவியை சூப்பிரண்டு மேஜையில் வைத்தேன். 2020 ஏப்ரலில் கொரோனா கட்டுப்பாட்டு அறைக்குப் போனபோதும் அப்படித்தான். அங்கே போன முதல் நாளே, "சார், வேலை பார்த்த சான்று யார் தருவீங்க?" என்று கேட்டேன். என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும். சம்பளம் தேதி தவறாமல் வந்தது.

இப்போது நான் சூப்பிரண்டு. எங்கள் ஆபீஸில் இ-ஆபீஸ் வந்துவிட்டது. ஃபைல் கம்ப்யூட்டரில், பீரோ கிடையாது. சாவிப் பிரச்னை தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? போன வருஷம் எங்கள் பையன் ஒருவனை வேறு துறைக்கு ஓ.டி. கேட்டார்கள். அவன் லாகினில் பதினேழு ஃபைல். சாவி பாக்கெட்டில் போனதுபோல் இப்போது பாஸ்வேர்டு மண்டையில் போகிறது.

அவன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். நான் விடவில்லை. பதினேழையும் வேறு ஆளுக்கு மாற்றச் சொன்னேன். "சார், பத்து நாள்தான் சார்" என்றான்.

உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, அந்த அம்மாவின் கதையைச் சொன்னேன். பென்ஷன் வந்த அன்று அவர் ஆபீஸுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்ததையும் சொன்னேன். எனக்கு வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிட்டு, என் மேஜைக்கு வந்தார். பையனைத் திரும்பவும் சேர்த்தாயிற்று, ஒரு வருஷம் போனால் போகிறது என்றார். கிளம்பும்போது திரும்பி நின்று, அக்கா தம்பிக்குச் சொல்வதுபோல ஒரு வார்த்தை சொன்னார்.

"அடுத்த தடவ ஊட்டிக்குப் போனா, சாவியக் குடுத்துட்டுப் போங்கய்யா."